அடித்த எழுத்து எங்கே போனது: சாளரம் மாறும்போது வரும் கீபோர்டு சிக்கல்களைத் தேடிப்பிடிக்கும் முறை

மதுரையில் வக்கீல் அலுவலகங்களின் வேலையை நம்பி நடக்கும் ஒரு ஜாப் டைப்பிங் கடையின் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் வாரத்துக்குள் ஒருமுறையாவது நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "அண்ணே, கீபோர்டு செத்துப்போச்சுண்ணே" என்று சொல்வார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கீபோர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவர்கள் அடித்த எழுத்துகள் ஒழுங்காகக் கணினிக்குள் போயிருக்கும். போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வேறு எங்கோ விழுந்திருக்கும். அந்த வேறு இடத்தைத் தேடிப்பிடிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்; லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள் பின்னால் உண்டு.

ஒரு நேரத்தில் ஒரே இடம்

திரையில் பத்துச் சாளரங்கள் திறந்திருந்தாலும், விசை அழுத்தங்களை வாங்கிக்கொள்ளும் உரிமை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாளரத்துக்குத்தான் உண்டு; அந்தச் சாளரத்துக்குள்ளும் ஒரே ஒரு பெட்டிக்கோ பொத்தானுக்கோதான் உண்டு. இந்த உரிமையை ஃபோகஸ் என்கிறோம். தமிழாக்கம் செய்யப்பட்ட மென்பொருள்களில் குவியம் என்ற சொல்லைப் பார்க்கலாம். எங்கள் கடையில் "கர்சர் எங்கே நிக்குது?" என்று கேட்டால் எல்லோருக்கும் புரிந்துவிடும். ஆனால் கர்சர் என்ற சொல் முழுக்கப் பொருந்தாது. ஃபோகஸ் ஒரு பொத்தானின் மேல் இருக்கும்போது துடிக்கும் கோடு எதுவும் தெரியாது; ஆனாலும் ஸ்பேஸ் விசையைத் தட்டினால் அந்தப் பொத்தான் அழுந்திவிடும்.

மவுஸின் கணக்கு வேறு. சுட்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் அது வேலை செய்யும். 2015-இல் விண்டோஸ் 10 வந்ததிலிருந்து, பின்னால் கிடக்கும் ஒரு சாளரத்தின் மேல் சுட்டியைக் கொண்டுபோய், கிளிக் செய்யாமலேயே உருளையைச் சுழற்றி அதை மேலும் கீழும் நகர்த்த முடிகிறது. புதியவர்களை அதிகமாக ஏமாற்றுவது இந்த வசதிதான். வலப்பக்கம் பிடிஎஃப், இடப்பக்கம் வேர்டு என்று இரண்டையும் அருகருகே வைத்திருப்பார்கள். உருளையைச் சுழற்றினால் பிடிஎஃப் நகரும். ஆகவே தாம் பிடிஎஃபில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அடுத்த பக்கத்துக்குப் போக ஸ்பேஸ் விசையை நாலைந்து முறை தட்டுவார்கள். அந்த ஸ்பேஸ்கள் அத்தனையும் வேர்டில் இருக்கும் மனுவின் நடுவில் போய் உட்கார்ந்திருக்கும். உருளை நகர்த்துவது ஒரு சாளரம், விசை போய்ச் சேருவது இன்னொரு சாளரம் என்பதை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் தேர்வுகளை முடித்து வருகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் மற்றவர்களைவிட அதிகமாகவே வரும் என்பது என் அனுபவம். அவர்களுடைய திறமையே இதற்குக் காரணம். கண்ணைத் தாளில் வைத்து விரலை மட்டும் ஓடவிடக் கற்றவர்கள் அவர்கள். தட்டச்சு இயந்திரத்தில் காகிதம் தானாக மாறிப்போவதில்லை. ஒருமுறை சர்வே எண் ஒன்றைச் சரிபார்ப்பதற்காக பிரவுசருக்குப் போன ஒரு பெண், ஆல்ட்டையும் டேபையும் சேர்த்து அழுத்தி வேர்டுக்குத் திரும்பிவிட்டதாக நம்பி, பிரமாணப் பத்திரத்தின் மூன்று வரிகளை மூச்சு விடாமல் அடித்து முடித்தார். நிமிர்ந்து பார்த்தபோது அவை அனைத்தும் தேடல் பெட்டியில் ஒரே நீள வரியாகக் கிடந்தன. பத்தி முடிவில் எண்டர் தட்டியதால் தேடலும் நடந்து முடிந்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: சாளரம் மாற்றிய பிறகு முதல் சொல்லை மட்டும் திரையைப் பார்த்து அடிக்க வேண்டும், அதன் பிறகு தாளைப் பார்க்கலாம்.

முதலில் திரையைத் திருத்திக்கொள்ளுங்கள்

சிக்கல் வருவதற்கு முன்பே செய்துவைக்க வேண்டிய இரண்டு மாற்றங்கள் உண்டு. எந்தச் சாளரத்திடம் ஃபோகஸ் இருக்கிறது என்பதைத் தலைப்புப் பட்டையின் நிறத்தை வைத்துத்தான் அறிகிறோம். ஆனால் இப்போதைய விண்டோஸில் இயங்கும் சாளரத்துக்கும் இயங்காத சாளரத்துக்கும் இடையே நிற வேறுபாடு மிக மங்கலாக இருக்கிறது. செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், அதற்குள் கலர்ஸ் என்று போனால், தலைப்புப் பட்டைகளிலும் சாளர ஓரங்களிலும் அழுத்த நிறம் (அக்சென்ட் கலர்) காட்டும் ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்கிவிட்டு, கண்ணில் அடிக்கும் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். ஃபோகஸ் உள்ள சாளரம் மட்டும் அந்த நிறத்தில் தெரியும். சில பிரவுசர்களும் வேறு சில மென்பொருள்களும் தலைப்புப் பட்டையைத் தாமே வரைந்துகொள்வதால் அவற்றில் இது முழுமையாகத் தெரியாது. அதற்காக மற்றவற்றில் கிடைக்கும் உதவியை விட்டுவிட வேண்டியதில்லை.

இரண்டாவது, துடிக்கும் கோடு. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதியில் (விண்டோஸ் 10-இல் இதன் பெயர் ஈஸ் ஆஃப் அக்சஸ்) டெக்ஸ்ட் கர்சர் என்ற பக்கம் உண்டு. அங்கே கோட்டின் தடிமனைக் கூட்டலாம். கோட்டின் மேலும் கீழும் வண்ணப் பொட்டுகள் தெரியும்படியும் செய்யலாம். வெள்ளெழுத்து வந்த எங்கள் முதலாளி உட்காரும் கணினியில் இதைச் செய்து கொடுத்த பிறகு, அங்கிருந்து என்னை அழைப்பது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

கையை எடுத்துவிட்டு நோயைப் பிரித்துப் பாருங்கள்

எழுத்து வரவில்லை என்று தெரிந்த அந்த நொடியில் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். வராத எழுத்தை வரவைக்க மேலும் மேலும் தட்டுவதுதான் நாம் எல்லோரும் செய்வது. அதுதான் அதிகக் கேடு விளைவிப்பது. ஃபோகஸ் டெஸ்க்டாப்பிலோ கோப்புறையிலோ போய் நின்றிருந்தால், நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அந்த எழுத்தில் பெயர் தொடங்கும் கோப்பைத் தேர்ந்தெடுக்கும். பிழையைத் திருத்துவதாக நினைத்து டெலீட் விசையைத் தட்டினால், தேர்வாகியிருக்கும் கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். அப்படி நேர்ந்துவிட்டால் பதறாமல், அந்தக் கோப்புறையில் இருந்தபடியே கண்ட்ரோலையும் இஸட்டையும் சேர்த்து அழுத்தினால் கோப்பு திரும்பி வரும்.

அடுத்து, கீபோர்டு உயிரோடு இருக்கிறதா என்பதை ஒரே நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம். கேப்ஸ் லாக்கைத் தட்டி, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிறகு விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே ஒரு கீபோர்டு தோன்றும். நீங்கள் கையால் அழுத்தும் விசைகள் அதில் ஒளிர்ந்தால், அழுத்தம் கணினிக்குள் வந்து சேருகிறது என்று பொருள். அந்த அழுத்து வரிசையே வேலை செய்யாவிட்டால், ஸ்டார்ட் மெனுவில் அக்சஸிபிலிட்டி பகுதியிலிருந்து மவுஸால் அதைத் திறக்கலாம். இந்தத் திரைக் கீபோர்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அதன் மேல் கிளிக் செய்தாலும் அது ஃபோகஸைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளாது, முன்பு எங்கே இருந்ததோ அங்கேயே விட்டுவைக்கும். யாரும் தொடாதபோதே ஆல்ட்டோ கண்ட்ரோலோ ஒளிர்ந்துகொண்டிருந்தால், அந்த விசை உள்ளே அழுந்தியபடி சிக்கியிருக்கிறது. இருபுறத்து ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட், விண்டோஸ் விசைகளை ஒவ்வொன்றாக ஒருமுறை அழுத்தி விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விசைகள் ஒளிர்கின்றன, எழுத்து மட்டும் வரவில்லை என்றால், நோய் மூன்று வகைகளில் ஒன்றாகத்தான் இருக்கும். எழுத்து எங்குமே விழாமல் இருக்கலாம்; வேறு இடத்தில் விழலாம்; சரியான இடத்திலேயே தப்பான எழுத்தாக விழலாம். எது என்று தெரியாமல் கணினியை அணைத்துப் போடுவது அப்போதைக்கு உதவும். மறுநாள் அதே சிக்கல் திரும்பி வரும்.

எங்குமே விழாத எழுத்து

இங்கே முதல் சந்தேகம் மறைந்திருக்கும் ஒரு கேள்விப் பெட்டியின் மேல் விழ வேண்டும். "சேமிக்கட்டுமா?", "அச்சிடட்டுமா?" என்று கேட்கும் சிறு பெட்டிகள் திறந்திருக்கும்போது, அவற்றுக்குப் பதில் சொல்லும்வரை தாய்ச் சாளரம் எதையும் வாங்காது. நீங்கள் நடுவில் வேறு மென்பொருளுக்குப் போய்த் திரும்பும்போது, அந்தச் சிறு பெட்டி சில நேரங்களில் தாய்ச் சாளரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கிளிக் செய்தால் 'டிங்' என்று ஓர் ஒலி மட்டும் வரும். அந்த ஒலி கேட்டால் ஒளிந்திருக்கும் பெட்டி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆல்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்திக்கொண்டே வந்தால் சாளரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகரும். அடியில் கிடக்கும் பெட்டி வெளியே வரும். அதற்குப் பதில் சொன்னவுடன் தாய்ச் சாளரம் விடுபடும்.

நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டியும் இப்படித்தான். ஏதோ ஒன்றை நிறுவத் தொடங்கிவிட்டு வேறு சாளரத்துக்குப் போனால், அந்த அனுமதிக் கேள்வி திரையில் வராமல் கீழ்ப்பட்டையில் (டாஸ்க்பார்) கேடயச் சின்னத்துடன் மினுக்கிக்கொண்டு காத்திருக்கும்.

அடுத்தது, ஆல்ட் விசையின் அரைகுறை அழுத்தம். சாளரம் மாற்றலாம் என்று ஆல்ட்டை அழுத்திவிட்டு, மனம் மாறி, டேபைத் தொடாமல் கையை எடுத்தால், ஃபோகஸ் மென்பொருளின் மெனுவுக்குப் போய்விடும். வேர்டில் மேலே உள்ள பட்டையில் சிறுசிறு எழுத்துக் கட்டங்கள் தோன்றினால் இதுதான் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு அடிக்கும் எழுத்துகள் எல்லாம் கட்டளைகளாகப் போகும். எஸ்கேப்பை ஓரிரு முறை தட்டினால் பழைய இடத்துக்கு வந்துவிடலாம்.

மென்பொருள் தொங்கிப்போயிருப்பதும் ஒரு காரணம். ஒரு சாளரம் 5 விநாடிகள் பதில் தராமல் இருந்தால் விண்டோஸ் அதை வெளுக்க வைத்து, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதும். தொங்குவதற்குச் சற்று முன்பு அடித்தவை வரிசையில் நின்றிருக்கக் கூடும். அது விழித்துக்கொண்டவுடன் அவை மொத்தமாக வந்து கொட்டும். அவற்றில் ஓர் எண்டர் இருந்து, அதே நேரத்தில் ஒரு கேள்விப் பெட்டியும் தோன்றினால், படிக்காத கேள்விக்கு நீங்கள் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும். ஆகவே தொங்கும்போது காத்திருங்கள்.

வலது ஷிஃப்டின் மேல் சுண்டுவிரலை ஊன்றிக்கொண்டு யோசிப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அதை 8 விநாடிகள் தொடர்ந்து அழுத்தினால் ஃபில்டர் கீஸ் என்ற வசதியை இயக்கட்டுமா என்று கணினி கேட்கும், இயங்கத் தொடங்கினால், சட்டென்று தட்டி விடும் விசைகளையெல்லாம் அது புறக்கணிக்கும். ஷிஃப்டை 5 முறை தட்டினால் வருவது ஸ்டிக்கி கீஸ். இரண்டின் குறுக்குவழிகளையும் அக்சஸிபிலிட்டியில் கீபோர்டு பக்கத்தில் நிறுத்திவிடலாம். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் ஒற்றைக் கையால் அடிப்பவர்களுக்கும் இவை பெரிய உதவி என்பதால், பொதுக் கணினியில் யாரையும் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

பிரவுசரிலும் வேர்டிலும் எழுத்து விழுகிறது, ஆனால் ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் மட்டும் விழவில்லை என்றால் அது தனிக் கதை. சிடிஎஃப்மான் என்ற பின்னணி நிரல் நின்றுபோயிருக்கும். வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் அது தானாக ஓடத் தொடங்கும்.

வேறு இடத்தில் விழும் எழுத்து

இதுதான் கடைகளில் அதிகம் நடப்பது. கீழமாசி வீதியில் ஒரு மளிகைக் கடையின் பில்லிங் கணினியைப் பார்க்கப் போனபோது கண்ட காட்சியைச் சொல்கிறேன். பார்கோடு ஸ்கேனர் என்பது பெரும்பாலும் கணினியின் கண்ணுக்கு இன்னொரு கீபோர்டுதான். கோட்டைப் படித்து, அதில் உள்ள எண்களை யாரோ வேகமாக அடிப்பதுபோல் அனுப்பி, முடிவில் ஓர் எண்டரையும் தட்டும். பில்லிங் சாளரம் திறந்திருக்கிறதா, எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்தக் கடையில் மொத்த வியாபாரி ஒருவருடன் வாட்ஸாப்பில் விலை பேசிக்கொண்டிருந்தவர், அந்தச் சாளரத்தை மாற்றாமலேயே வாடிக்கையாளரின் சோப்பை எடுத்து ஸ்கேன் செய்தார். 890 என்று தொடங்கும் 13 இலக்க எண் நேராக வியாபாரிக்குச் செய்தியாகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணாச்சி, இது எந்த பேங்க் அக்கவுண்டு?" என்று பதில் வந்தது. அங்கே சிரித்துவிட்டுப் போனோம். ஆனால் அதே எண் பில்லிங் சாளரத்தின் அளவுக் கட்டத்தில் விழுந்திருந்தால் கணக்கே குலைந்திருக்கும்.

இதற்கான தீர்வு எளிது. பில்லிங் மென்பொருளைக் கீழ்ப்பட்டையில் முதல் இடத்தில் பொருத்திவைத்து, ஸ்கேனரைக் கையில் எடுக்கும் முன் விண்டோஸ் விசையையும் 1-ஐயும் சேர்த்து அழுத்தும் பழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். அந்த மென்பொருளின் ஒரே ஒரு சாளரம் மட்டும் திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அதே சாளரத்தில் இருக்கும்போது இதை அழுத்தினால் அது சுருங்கிப் போய்விடும் என்பதால், அழுத்திய பிறகு ஒரு பார்வை பார்ப்பது அவசியம். பேச்சுக்கும் விலை விசாரிப்பதற்கும் கைப்பேசியை வைத்துக்கொண்டு, பில்லிங் கணினியைப் பில்லிங்குக்கு மட்டும் விடுவது இன்னும் நல்லது.

ஆல்ட்-டேப் தப்பான இடத்துக்குக் கொண்டுபோகிறது என்ற புகாரும் இந்த வகையே. ஆல்ட்-டேப் சாளரங்களைக் கடைசியாகப் பயன்படுத்திய வரிசையில் அடுக்குகிறது. ஒரே ஒரு தட்டு, இதற்கு முன் இருந்த சாளரத்துக்குப் போகும். நடுவில் ஓர் அறிவிப்பைக் கிளிக் செய்திருந்தால் அந்த 'முன்' மாறிவிடும். மேலும் எட்ஜ் பிரவுசரின் டேபுகளும் தனித்தனிச் சாளரங்கள்போல இந்த வரிசையில் நுழையும் ஏற்பாடு ஒன்று உண்டு. செட்டிங்ஸில் சிஸ்டம், மல்டிடாஸ்கிங் என்று போய் அதை நிறுத்திவிட்டால் வரிசை சுருங்கும். கை நடுங்காமல் தேர்ந்தெடுக்க விரும்புவோர் கண்ட்ரோல், ஆல்ட், டேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், பட்டியல் திரையிலேயே நிற்கும். அம்பு விசைகளால் நகர்ந்து எண்டர் தட்டலாம்.

எல்லாச் சாளரமும் மறைந்துவிட்டது என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், டி மூன்றையும் தெரியாமல் அழுத்தி இன்னொரு மெய்நிகர் டெஸ்க்டாப்புக்குப் போயிருப்பார்கள். விண்டோஸ் விசையையும் கண்ட்ரோலையும் பிடித்துக்கொண்டு இடது அம்பைத் தட்டினால் வீடு வந்து சேரலாம். ஒரே ஒரு சாளரம் மட்டும் காணவில்லை, ஆனால் கீழ்ப்பட்டையில் பெயர் இருக்கிறது என்றால், கழற்றிவிட்ட இரண்டாவது மானிட்டரின் எல்லைக்குள் அது நின்றுகொண்டிருக்கலாம். அதற்கு ஃபோகஸ் கொடுத்து, விண்டோஸ் விசை, ஷிஃப்ட், இடது அம்பு மூன்றையும் அழுத்திப் பாருங்கள். அது பலிக்காவிட்டால் ஆல்ட்டும் ஸ்பேஸும், பிறகு எம், பிறகு அம்பு விசைகள் என்று தட்டி இழுத்து வரலாம்.

மடிக்கணினியில் பாதி வாக்கியம் திடீரென்று மேல் பத்திக்குப் போய் விழுகிறது என்றால் உள்ளங்கை டச்பேடில் படுகிறது. செட்டிங்ஸில் டச்பேடு பக்கத்துக்குப் போய் அதன் உணர்திறனைக் குறையுங்கள். மவுஸ் செருகியிருக்கும்போது டச்பேடு அணைந்திருக்கும்படி செய்யும் தேர்வும் அதே பக்கத்தில் உண்டு. சுட்டி மேலே நின்றாலே சாளரம் ஃபோகஸ் பெறும் ஒரு பழைய வசதி, கண்ட்ரோல் பேனலின் ஈஸ் ஆஃப் அக்சஸ் பகுதியில் மவுஸ் பக்கத்தில் இருக்கிறது. யாராவது அதை இயக்கியிருந்தால், மேசை ஆடி மவுஸ் நகர்ந்தாலே எழுத்து இடம் மாறும்.

யாரும் தொடாமல் ஃபோகஸ் பறிபோனால்

நாம் அடித்துக்கொண்டிருக்கும்போது வேறொரு மென்பொருள் முன்னால் வந்து குதிக்கக் கூடாது என்பது விண்டோஸ் 98, 2000 காலத்திலிருந்தே உள்ள விதி. நம்முடைய கடைசி விசை அழுத்தத்துக்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட நேரம் வரை, முன்னால் வர முயலும் சாளரம் தடுக்கப்பட்டு, அதன் பெயர் கீழ்ப்பட்டையில் மினுக்க மட்டும் செய்யும். இந்த நேரத்தின் இயல்பான அளவு 2,00,000 மில்லி விநாடிகள், அதாவது 3 நிமிடம் 20 விநாடி. ஆனால் விதிக்கு விலக்குகள் உண்டு. நாம் இப்போது பயன்படுத்தும் மென்பொருளே தொடங்கிவைத்த இன்னொன்று முன்னால் வரலாம். கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் சில இலவச நிரல்கள் இந்த அளவைப் பூச்சியமாக்கிவிடுவதும் உண்டு. இந்த அளவு எழுதிவைக்கப்பட்டிருக்கும் விண்டோஸ் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) கை வைப்பது புதியவர்களின் வேலை இல்லை. விவரம் தெரிந்தவரிடம் அந்த அளவைப் பார்க்கச் சொன்னால் போதும்.

திருடனைப் பிடிக்க ஒரு தாளும் பேனாவும் வேண்டும். ஃபோகஸ் பறிபோகும் ஒவ்வொரு முறையும் மணியையும், அந்த நொடியில் எந்தத் தலைப்புப் பட்டை நிறம் பெற்றிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அச்சிடும்போது மட்டும் நடந்தால் மை குறைந்ததைச் சொல்லும் அச்சுப்பொறி நிரலைச் சந்தேகிக்கலாம். சரியாக ஒரு மணி நேர இடைவெளியில் கறுப்புச் சாளரம் ஒன்று மின்னி மறைந்தால், அது காலம் குறித்து ஓடும் பின்னணி வேலை. டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, கடைசியாக ஓடிய நேரம் உங்கள் தாளில் உள்ள நேரத்தோடு எதற்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். இவற்றிலும் பிடிபடாவிட்டால், டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தொடக்கத்தில் ஓடுபவற்றில் பாதியை நிறுத்தி, கணினியை மறுபடி தொடங்கி, ஒரு நாள் வேலை செய்யுங்கள். சிக்கல் நின்றால் குற்றவாளி நிறுத்தப்பட்ட பாதியில் இருக்கிறது, நிற்காவிட்டால் மறுபாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் 16 நிரல்கள் இருந்தாலும் நான்கு முறையில் ஒன்றில் வந்து நிற்கும். வைரஸ் தடுப்பு நிரலை மட்டும் இந்த ஆட்டத்தில் சேர்க்காதீர்கள்.

சரியான இடத்தில் தப்பான எழுத்து

தமிழில் அடிப்பவர்களுக்கே உரிய தொல்லை இது. விண்டோஸ் 7 வரை, மொழித் தேர்வு ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாக இருந்தது: வேர்டில் தமிழ், பிரவுசரில் ஆங்கிலம் என்று வைத்துவிட்டால், சாளரம் மாறும்போது மொழியும் தானாக மாறும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், இயல்பு நிலையில் எல்லாவற்றுக்கும் ஒரே மொழிதான். பிரமாணப் பத்திரத்தைத் தமிழில் அடித்துவிட்டு, கடவுச்சொல் போடப் போகிறவர் அங்கேயும் தமிழிலேயே அடிப்பார். புள்ளிகள் மட்டும் தெரிவதால் பிழை கண்ணில் படாது. கணக்கு பூட்டப்பட்ட பிறகு கீபோர்டைக் குறை சொல்வார். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்வேஜ் (விண்டோஸ் 10-இல் டிவைசஸ்), டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் என்று போனால், ஒவ்வொரு சாளரத்துக்கும் வெவ்வேறு உள்ளீட்டு முறையை அனுமதிக்கும் தேர்வு இருக்கிறது. எங்கள் கடையின் எல்லாக் கணினிகளிலும் அதை இயக்கி வைத்திருக்கிறேன்.

விண்டோஸோடு வரும் விசைப்பலகைக்குப் பதிலாக என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி போன்றவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு வினோதத்தைச் சந்திப்பார்கள். வேர்டில் தமிழ் நன்றாக விழும். கணக்கு மென்பொருளுக்கு மாறியவுடன் ஆங்கிலம் மட்டுமே விழும். திரும்பி வேர்டுக்கு வந்தால் மறுபடி தமிழ். இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் ஒரு நாள் மிச்சமாகும். இவ்வகை நிரல்கள் கீபோர்டுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நின்று விசைகளைப் பிடித்து எழுத்தாக மாற்றி அனுப்புகின்றன. 2007-இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதல், சாதாரண உரிமையில் ஓடும் நிரல், நிர்வாகி உரிமையில் ஓடும் சாளரத்துக்குள் இப்படிக் கை நீட்ட முடியாது. ஒரு மென்பொருளின் சின்னத்தில் கேடயம் தெரிந்தாலோ, திறக்கும்போது அது அனுமதி கேட்டாலோ, அது நிர்வாகி உரிமையில் ஓடுகிறது. அதைச் சாதாரணமாக ஓடவிட முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் தமிழ் எழுதும் நிரலையும் நிர்வாகியாகத் திறக்க வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைமுறை இப்போது விண்டோஸுக்குள்ளேயே வருவதால், அதற்கு மாறிவிட்டால் இந்தச் சிக்கலே எழாது. பழைய தட்டச்சு விசைமுறையில் கை பழகியவர்களிடம் இதைச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

வேர்டில் அழகாகத் தெரிந்த தமிழ், வேறு சாளரத்தில் ஒட்டியவுடன் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறினால், அதற்கும் ஃபோகஸுக்கும் தொடர்பில்லை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டில் அல்லாமல், பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இருந்ததால், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள் சிலர் லினக்ஸோடுதான் பழகியிருக்கிறார்கள். லினக்ஸின் திரைச் சூழல்களில் ஒன்றான க்னோமில் ஆல்ட்-டேப் மென்பொருள்களுக்கு இடையே மட்டும் மாறும். ஒரே மென்பொருளின் இரண்டு சாளரங்களுக்கு இடையே மாற, ஆல்ட்டோடு டேபுக்கு மேலே உள்ள விசையை அழுத்த வேண்டும். புதிதாகத் திறந்த சாளரம் முன்னால் வராமல், தயாராக இருப்பதாக ஓர் அறிவிப்பு மட்டும் வந்தால், அது ஃபோகஸ் திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு; பழுது இல்லை. கேடிஇ என்ற இன்னொரு சூழலில் இந்தத் தடுப்பின் கடுமையைச் சாளர நடத்தை அமைப்புகளில் கூட்டவும் குறைக்கவும் முடியும். தமிழ் உள்ளீட்டுக்கு ஐபஸ் பயன்படுத்தும்போது எழுத்து எதுவுமே விழாமல் போனால், ஐபஸை மட்டும் மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

சர்வீஸ்காரரை அழைக்கும்போது

இவ்வளவும் பார்த்த பிறகும் தீராவிட்டால் ஆளைக் கூப்பிடலாம். "கீபோர்டு வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்த மென்பொருளிலிருந்து எந்த மென்பொருளுக்கு மாறியபோது, எந்த விசையால் மாறியபோது, எழுத்து மேலே சொன்ன மூன்று வகைகளில் எப்படி ஆனது என்பதைச் சொல்லுங்கள். நேரம் குறித்த அந்தத் தாளையும் கையில் வைத்திருங்கள். அவர் தொலைவிலிருந்தே உங்கள் கணினிக்குள் வந்து பார்ப்பதாக இருந்தால், அவருடைய விசைகளும் உங்களுடைய விசைகளும் ஒரே ஃபோகஸுக்குள்தான் போய் விழும். அவர் அடிக்கும்போது நீங்களும் அடித்தால் இரண்டும் கலந்துவிடும். அவர் வெளியேறிய பிறகு ஆல்ட்டோ கண்ட்ரோலோ அழுந்தியபடி சிக்கி நிற்பது அடிக்கடி நடப்பதால், முதல் வரியை அடிக்கும் முன் அந்த விசைகளை இருபுறமும் ஒருமுறை தட்டிவிட்டு, வேர்டின் நடுவில் ஒரு கிளிக் செய்துவிட்டுத் தொடருங்கள்.